ஒரே பஸ், இரண்டு பிரிவுகள்: ஒரு நடுநிலைப் பள்ளியின் தண்ணீர் வாரம்

ஏழாம் வகுப்பில் இரண்டு பிரிவுகள். பள்ளிக்குக் கிடைத்ததோ ஒரே ஒரு பஸ். குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் பார்வையாளர்களுக்குக் காலையில் மட்டும்தான் அனுமதி. அதனால் 'அ' பிரிவு திங்கட்கிழமையே நிலையத்தைப் பார்த்துவிட்டு வந்தது, 'ஆ' பிரிவு புதன்கிழமை போனது. இடையில் இருந்த நாட்களில் 'ஆ' பிரிவு பள்ளியிலேயே சேற்று நீரில் படிகாரம் போட்டுத் தெளியவைத்துப் பார்த்திருந்தது. இரண்டு பிரிவும் பார்த்தது ஒரே நிலையம், சுற்றிக் காட்டியவரும் ஒருவரே. ஆனால் குறிப்பேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது, இரண்டு பிரிவும் ஒரே இடத்துக்குத்தான் போனார்களா என்று சந்தேகம் வந்தது.

யாரும் இதைச் சோதனையாகத் திட்டமிடவில்லை. வண்டி கிடைக்காததால் தானாக அமைந்த வாய்ப்பு. செய்முறையும் களப்பயணமுமாக ஒரு வாரம் முழுக்க நடத்தப்போகிறோம், உடன் இருந்து பார்த்து எழுதிக் கொடுங்கள் என்று பள்ளி கேட்டதால் நான் போயிருந்தேன். பள்ளியின் பெயரும் ஊரும் இங்கே தேவையில்லை. இந்த மாதிரி வாரம் நடத்துகிற எந்தப் பள்ளியும் ஏறக்குறைய இதே முடிச்சுகளில்தான் சிக்கும்.

ஐந்து இடங்களா, ஒரு கேள்வியா

முதலில் போட்ட திட்டம் வேறு. ஐந்து நாள், ஐந்து இடம்: அருங்காட்சியகம், கோளரங்கம், உயிரியல் பூங்கா, ஒரு தொழிற்சாலை, கடைசியில் நீர் நிலையம். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், பெற்றோருக்கும் சந்தோஷம். ஆனால் திங்கட்கிழமை பார்த்ததற்கும் செவ்வாய்க்கிழமை பார்ப்பதற்கும் எந்த ஒட்டும் கிடையாது. அறிவியல் டீச்சர் ஒருவர்தான் ஆசிரியர் கூட்டத்தில் மறுத்தார். குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வாளியைக் கவிழ்த்தால் எங்கே போகிறது, இந்த ஒரு கேள்வியை ஐந்து நாளும் விடாமல் பிடித்துக்கொண்டு போவோம் என்றார்.

ஒரே விஷயத்தை ஐந்து நாள் இழுத்தால் பிள்ளைகளுக்குச் சலித்துப்போகும் என்று மற்றவர்கள் பயந்தார்கள். நியாயமான பயம்தான். பதினொன்று முதல் பதினான்கு வயதுக்குள் இருப்பவர்களுக்குச் சலிப்பு சீக்கிரம் வரும், அதை மறைக்கவும் மாட்டார்கள். கடைசியில் ஒரு சமரசம்: இரண்டு பயணம் போதும், மூன்று நாள் பள்ளியிலேயே வேலை. கணக்கு சார் ஓடையின் நீரோட்டத்தை அளக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். மொழி ஆசிரியர் கடிதம் எழுதுவதையும் நேர்காணல் எடுப்பதையும் எடுத்துக்கொண்டார். வாரம் முழுக்கப் பாட அட்டவணையைத் தூக்கி வைக்கும்போது மற்ற வகுப்புகளுக்கு யார் போவது என்கிற தலைவலி தனி. அதைத் தீர்க்கத்தான் கூட்டங்களில் அதிக நேரம் போனது.

இரண்டு ஆசிரியர்கள் முன்கூட்டியே இரண்டு இடங்களுக்கும் போய்ப் பார்த்து வந்தார்கள். கழிப்பறை எங்கே, அது பூட்டியிருக்குமா, பஸ் எங்கே நிற்கும், நிழல் உண்டா, போனில் சிக்னல் கிடைக்குமா என்று பட்டியல் எடுத்தார்கள். வடிகட்டித் தொட்டிகளைப் பார்க்க இரும்புப் படி ஏற வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. வகுப்பில் சக்கர நாற்காலியில் வருகிற மாணவி ஒருத்தி உண்டு. எல்லோரும் மேலே போய்விட்டு வரும்வரை அவள் கீழே காத்திருப்பது என்ற ஏற்பாட்டை அறிவியல் டீச்சர் ஒப்புக்கொள்ளவில்லை. தரைத்தளத்தில் இருக்கும் ஆய்வகத்தைத்தான் முக்கிய நிறுத்தமாக வைக்க வேண்டும், தண்ணீர் மாதிரிகளை அங்கேயே கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று நிலையத்தாரிடம் கேட்டு வாங்கினார். பார்க்கப்போனால் இதனால் எல்லோருக்குமே லாபம். உயரத்திலிருந்து எட்டிப் பார்ப்பதைவிட, ஒவ்வொரு கட்டத்துத் தண்ணீரையும் வரிசையாகக் கண்ணாடிக் குவளையில் பார்ப்பது நன்றாகப் புரிந்தது.

ஒழுகும் குழாய்

திங்கட்கிழமை 'ஆ' பிரிவு பள்ளி வளாகத்தில் ஒழுகுகிற குழாயைத் தேடிப் போனது. விநாடிக்கு ஒரு சொட்டு விழுகிற குழாய் ஒன்று கிடைத்தது. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் வீணாகும்? ஒரு நாளில் 86,400 விநாடி. ஒரு மில்லிக்கு இருபது சொட்டு என்று எங்கேயோ படித்திருந்த ஒருவன் உடனே கணக்குப் போட்டான்: 4.3 லிட்டர். இவ்வளவுதானா என்று வகுப்புக்கு ஏமாற்றம்.

டீச்சர் அது சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. ஓர் அளவுக் குவளையைக் கொடுத்து, "நீங்களே பிடிச்சுப் பாருங்க" என்றார். பத்து மில்லி நிரம்ப நாற்பது சொட்டுகூட ஆகவில்லை. ஒரு சொட்டு ஏறக்குறைய கால் மில்லி. அப்படியானால் நாளைக்கு 21 லிட்டருக்கும் மேல். இருபது சொட்டுக் கணக்கு மருந்து விடும் சொட்டுக்குழாய்க்கு உரியது. சொட்டு எவ்வளவு பெரிதாகத் தொங்கிவிட்டு விழும் என்பது அது தொங்குகிற வாயின் அகலத்தைப் பொறுத்தது. அகலமான வாயில் நீரின் பரப்பு இழுவிசை அதிக எடையைத் தாங்கிப் பிடிக்கும், குழாய்ச் சொட்டு பெருத்துத்தான் விழும். புத்தகத்தில் இருந்த எண் தப்பில்லை, இந்தக் குழாய்க்குப் பொருந்தவில்லை. அந்தப் பையன் முகத்தில் ஒரு கடுப்பு. அப்புறம் அவனே மூன்று முறை திரும்ப அளந்தான்.

மொழி ஆசிரியரின் மேற்பார்வையில் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போனது. மறுநாள் காலையிலேயே பிளம்பர் வந்து வாஷரை மாற்றிவிட்டுப் போனார். இதனால் 'அ' பிரிவின் முறை வந்தபோது ஒழுகுகிற குழாயே இல்லை! ஒரு குழாயைக் கொஞ்சமாகத் திறந்து வைத்து அளக்கச் சொன்னார்கள். வேலை என்னவோ அதேதான், ஆனால் உயிர் இல்லை. யாரோ வேண்டுமென்றே திறந்துவிட்ட தண்ணீர் எவ்வளவு வீணாகிறது என்று அறிந்துகொள்ள எந்தப் பிள்ளைக்கும் ஆவல் வரவில்லை. செய்முறைக் கற்றல் பற்றிப் பேசும்போது பொருட்களைப் பற்றித்தான் நிறையப் பேசுகிறோம். அந்த வேலைக்கு ஒரு நிஜமான காரணம் இருக்கிறதா என்பதைப் பிள்ளைகள் நம்மைவிட வேகமாக மோப்பம் பிடித்துவிடுகிறார்கள்.

ஜாடிச் சோதனை

செவ்வாய்க்கிழமை 'ஆ' பிரிவு செய்தது, எவ்வளவு படிகாரம் போட வேண்டும் என்று கண்டுபிடிக்க நீர் நிலையங்களில் தினசரி வேலையாக நடக்கும் ஜாடிச் சோதனையின் எளிய வடிவம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே அளவு சேற்று நீர் நிரப்பிய ஆறு ஜாடிகள். ஒரு ஜாடியில் எதுவும் போடக்கூடாது, மற்றவற்றில் படிகாரக் கரைசலைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு லிட்டர் நீரில் 10 கிராம் படிகாரம் கரைத்து வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம். அதில் ஒரு மில்லியை ஒரு லிட்டர் சேற்று நீரில் விட்டால் லிட்டருக்கு 10 மில்லிகிராம். ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, அப்புறம் கால் மணி நேரம் மெதுவாகக் கலக்கி, அரை மணி நேரம் தொடாமல் விட வேண்டும்.

அந்த மெதுவான கால் மணி நேரம்தான் பிள்ளைகளுக்குப் பெரும்பாடு. களிமண் துகள்கள் எல்லாமே எதிர்மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். படிகாரத்தில் இருக்கும் அலுமினியம் அந்த மின்னூட்டத்தைச் சமன் செய்கிறது, தானும் பஞ்சு போன்ற வீழ்படிவாக மாறித் துகள்களைச் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. மெதுவாகக் கலக்கினால் அவை மோதி ஒட்டிப் பெரிதாகும். பொறுமை இழந்து வேகமாகக் கலக்கினால் சேர்ந்ததெல்லாம் உடைந்துபோகும். ஒரு குழுவில் அப்படித்தான் ஆனது. பக்கத்துக் குழுவின் ஜாடியில் வெள்ளைத் திரள்கள் இறங்குவதையும், தங்கள் ஜாடி கலங்கியே நிற்பதையும் மாறி மாறிப் பார்த்தார்கள். யாரும் திட்டாமலேயே காரணம் புரிந்துவிட்டது.

இன்னொன்றை அவர்கள் எதிர்பார்க்கவே இல்லை. அதிகம் படிகாரம் போட்ட ஜாடிதான் அதிகம் தெளிந்திருக்கும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். நன்றாகத் தெளிந்தது நடுவில் இருந்த ஜாடி. அளவு மீறினால் துகள்களின் மின்னூட்டம் எதிர்ப்பக்கம் புரண்டு அவை மறுபடி விலக ஆரம்பிக்கலாம், நீரின் அமிலத்தன்மையும் கூடிப்போய்த் திரள்வது கெட்டுவிடலாம். டீச்சர் இதை விளக்காமல் விட்டார். "நாளைக்கு அங்க போனதும் கேளுங்க" என்று மட்டும் சொன்னார். அந்த வாரத்தின் மிகச் சிறந்த முடிவு இது என்பது என் எண்ணம். தெளிந்த ஜாடியும் குடிக்கத் தக்கதல்ல, கிருமி அப்படியே இருக்கிறது என்பதைச் சொல்லி, எல்லா ஜாடியையும் அவர் கண் முன்னாலேயே கொட்டவைத்தார்.

நிலையத்தில் இரண்டு காலைகள்

திங்கட்கிழமை போன 'அ' பிரிவின் குறிப்பேடுகளில் இருந்தவை பெரும்பாலும் பலகைகளில் எழுதியிருந்த பெயர்கள்: ஃப்ளாஷ் மிக்ஸர், கிளாரிஃப்ளாக்குலேட்டர், ரேபிட் சாண்ட் ஃபில்டர். எழுத்துப் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள், அவ்வளவுதான். வாய்விட்டுக் கேட்ட கேள்விகள் வேறு ரகம். "இந்தத் தொட்டியில விழுந்தா என்ன ஆகும் சார்?" "உள்ள மீன் இருக்குமா?" "ராத்திரியும் இங்க யாராவது இருப்பாங்களா?" பல நேரம் பேச்சு குளோரின் வாடையைப் பற்றியும், வேலியைத் தாண்டி வந்த பூனையைப் பற்றியும் போனது.

இதை அசட்டையான கேள்விகள் என்று ஒதுக்குவது சரியல்ல. புது இடத்துக்குப் போன பிள்ளை முதலில் அந்த இடத்தைத்தான் எடை போடும்: பாதுகாப்பா, யார் இருக்கிறார்கள், எது வித்தியாசம். ஆய்வாளர் ஜான் ஃபாக்கும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 1978-லேயே இதைப் பற்றி எழுதினார்கள். இடம் முற்றிலும் புதிதாக இருந்தால் பிள்ளைகளின் கவனம் அதற்குப் பழகுவதிலேயே செலவாகிவிடும், கற்கச் சொன்னது பின்னால் போய்விடும். நிர் ஓரியனும் அவி ஹோஃப்ஸ்டைனும் 1994-ல் இஸ்ரேலியப் பள்ளிகளின் நிலவியல் பயணங்களை ஆராய்ந்தபோது இந்தப் புதுமையை மூன்றாகப் பிரித்தார்கள். பாடத்தில் தெரியாதது ஒன்று, இடத்தில் தெரியாதது இன்னொன்று, அன்றைக்கு என்ன நடக்கும் என்று தெரியாத மனநிலை மூன்றாவது. முதலாவதை வகுப்பில் கல்லையும் மண்ணையும் கையால் தொட்டுச் சோதிப்பதால் குறைக்கலாம், இரண்டாவதைப் படங்களாலும் வரைபடத்தாலும், மூன்றாவதை அன்றைய திட்டத்தை வெளிப்படையாகச் சொல்வதால். இப்படித் தயாராகப் போன மாணவர்கள் அதிகம் கற்றார்கள் என்பது அவர்கள் கண்டது.

'ஆ' பிரிவு கிட்டத்தட்ட அப்படித் தயாராகித்தான் புதன்கிழமை போனது. உள்ளே நுழைந்ததும் ஒரு பெண், தொட்டியில் மெதுவாகச் சுற்றும் துடுப்பைக் காட்டி, "இதுதான் நாங்க ஸ்பூனால செஞ்சது" என்றாள். கேள்விகள் அங்கிருந்து கிளம்பின. மழை பெய்து ஆறு கலங்கினால் படிகாரம் எவ்வளவு கூட்டுவீர்கள்? அதிகமாகிவிட்டால் எப்படித் தெரியும்? அடியில் தங்குகிற சேற்றை என்ன செய்கிறீர்கள்? வடிகட்டி அடைத்துக்கொள்ளாதா? சுற்றிக் காட்டிய ஆபரேட்டர் திங்கட்கிழமை மனப்பாடமாக ஒப்பித்த உரையைப் பாதியிலேயே விட்டுவிட்டார். ஆய்வகத்துக்கு அழைத்துப் போய் அவர்களுடைய ஜாடிச் சோதனைக் கருவியைக் காட்டினார். ஆறு துடுப்புகள், ஆறு குவளைகள். பிள்ளைகள் சத்தமாகச் சிரித்துவிட்டார்கள்.

குளோரினைப் பற்றியும் அங்கே நல்ல பேச்சு நடந்தது. குளோரின் கலந்து குறைந்தது அரை மணி நேரம் கழிந்த பிறகும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும், வீட்டுக் குழாய்க்கு வந்து சேரும்போது 0.2-க்குக் குறையக் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பு சொல்லும் அளவு. கிருமி நிலையத்திலேயே செத்துவிட்டது என்றால் மிச்சம் எதற்கு? ஒரு பையன் இதைக் கேட்டான். வழியில் குழாய் உடைந்து அழுக்கு உள்ளே வந்தால் காவலுக்கு யாராவது வேண்டாமா என்றார் ஆபரேட்டர்.

இங்கே ஒரு விஷயத்தை விட்டுவிடக் கூடாது. 'அ' பிரிவு புதன்கிழமை பள்ளியில் ஜாடிச் சோதனை செய்தபோது, திரள்கள் இறங்குவதைப் பார்த்து, "அன்னிக்கு அந்தப் பெரிய தொட்டியில மேல மிதந்தது இதுதானா!" என்று இரண்டு மூன்று பேர் கத்தினார்கள். அவர்களிடம் பார்த்த காட்சி முதலில் இருந்தது, அர்த்தம் பின்னால் வந்தது. முன்தயாரிப்பு இல்லாததால் திங்கட்கிழமைப் பயணம் வீண் என்று சொல்ல வந்த ஆசிரியர்கள் அதோடு கொஞ்சம் தயங்கினார்கள். எனக்கும் அந்தத் தயக்கம் சரி என்றே பட்டது. முன்வேலையோ பின்வேலையோ ஒன்றாவது இருந்தால் பயணம் தப்பித்துவிடுகிறது. என்ன, நிலையத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் 'அ' பிரிவுக்குப் புதன்கிழமைதான் வந்தன, அப்போது பதில் சொல்ல ஆபரேட்டர் பக்கத்தில் இல்லை.

ஓடையில் எழுந்த தகராறு

வியாழக்கிழமை காலை ஒரு பிரிவு, பிற்பகல் இன்னொன்று என ஓடைக்குப் போனார்கள். வடிகால் ஒன்று வந்து கலக்கும் இடத்துக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம். முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருக்கும் இடத்தில் யாரும் இறங்கக் கூடாது. காயம் உள்ளவர்கள் தண்ணீர் புகாதபடி மூடிக்கொள்ள வேண்டும், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது. மேல்பகுதியில் மழை பெய்திருந்தால் பயணம் ரத்து. ரத்து செய்யும் அதிகாரம் தலைமையாசிரியரிடம் இல்லை, கரையில் நிற்கிற பொறுப்பாசிரியரிடம். இதைத் தலைமையாசிரியரே எழுதிக் கொடுத்திருந்தார்.

எழுதிக் கொடுக்கும் அளவுக்கு என்ன இருக்கிறது என்று தோன்றலாம். 1993 மார்ச்சில் இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் ஒரு சாகசப் பயிற்சி மையம் பள்ளி மாணவர்களைக் கயாக்கில் கடலுக்கு அழைத்துப் போனபோது நான்கு பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே, அங்கே வேலை பார்த்துவிட்டு விலகிய பயிற்சியாளர்கள் பாதுகாப்புக் குறைகளைச் சுட்டிக்காட்டி நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். அதன் பின்னர் 1995-ல் அந்த நாட்டில் இப்படிப்பட்ட மையங்களுக்கு உரிமம் கட்டாயமாகும் சட்டம் வந்தது. ஆபத்தை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் களத்தில் நிற்பவர்தான். அவர் சொல்லுக்கு அந்த நிமிடமே எடை இருக்க வேண்டும்.

ஓடையில் செய்த வேலைகளில் நீரோட்டம் அளப்பது சீக்கிரம் முடிந்தது. பத்து மீட்டர் தூரம் குறித்து, ஆரஞ்சுத் தோலை மிதக்கவிட்டு, நேரம் பார்த்து, மூன்று முறை சராசரி. மேற்பரப்புத் தண்ணீர் அடியில் ஓடுவதைவிட வேகம் என்பதால் விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும் என்றார் கணக்கு சார். இந்தத் திருத்தம் எதற்கு என்று கேட்டவர்களைத் தண்ணீருக்கு அடியில் கைவைத்துப் பார்க்கச் சொன்னார்.

பூச்சி தேடுவதில்தான் நேரம் போனதே தெரியவில்லை. வலையை நீரோட்டத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னால் இருக்கும் கற்களைக் காலால் மூன்று நிமிடம் கிளற வேண்டும். வலையில் சிக்கியதைக் கரையில் வைத்திருக்கும் வெள்ளைத் தட்டில் கொட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து, அட்டையில் இருக்கும் படத்தோடு ஒப்பிட வேண்டும். தட்டுகள் இருந்தது கரைப் பாதையில், சக்கர நாற்காலி எளிதாகப் போகும் இடத்தில். அங்கேதான் உண்மையான வேலை நடந்தது. அந்த மாணவிதான் கடைசியில் வகுப்பின் பூச்சி நிபுணர் ஆனாள்.

பிரிட்டனில் உருவான ஒரு மதிப்பெண் முறை இதற்கு அடிப்படை. ஆக்சிஜன் நிறைய வேண்டியிருக்கும் ஸ்டோன்ஃப்ளை இளம்பூச்சிகளுக்கும் சில மேஃப்ளை இனங்களுக்கும் 10 மதிப்பெண், கொசு போலவே இருந்தும் கடிக்காத ஒரு பூச்சியினத்தின், அழுக்கிலும் பிழைக்கும் சிவப்புப் புழுக்களுக்கு 2, நீர் மண்புழுக்களுக்கு 1. சராசரி எடுத்தால் ஓடையின் நிலை ஓரளவு புலப்படும். பல நாடுகளில் தங்கள் ஓடைகளில் வாழும் பூச்சிகளுக்கு ஏற்ப இதை மாற்றி வைத்திருக்கிறார்கள், பள்ளியும் அப்படி மாற்றிய அட்டையைத்தான் பயன்படுத்தியது.

வடிகாலுக்கு மேலே ஒரே இடத்தில் மூன்று குழுக்கள் எடுத்த சராசரி மூன்று விதமாக வந்தது. ஒரு குழுவுக்கு ஓடை மிக நல்ல நிலை, இன்னொரு குழுவுக்குச் சுமார். தகராறு ஆரம்பித்தது. நீ ஒழுங்காகக் கிளறவில்லை, உன் அட்டை தப்பு, அது மேஃப்ளையே இல்லை. டீச்சர் தலையிடவில்லை. தட்டுகளை அடுத்தடுத்து வைத்து அவர்களே பார்த்தார்கள். ஒரு குழு ஊசித்தட்டானின் இளம்பூச்சியை மேஃப்ளை என்று எழுதியிருந்தது. இரண்டுக்கும் பின்னால் மூன்று வால் மாதிரி இருக்கும். ஊசித்தட்டானுக்கு அவை இலை போலத் தட்டையான செவுள்கள், மேஃப்ளைக்கு மெல்லிய இழைகள், அதன் செவுள்கள் வயிற்றின் இரண்டு பக்கத்திலும் படபடத்துக்கொண்டிருக்கும். இன்னொரு குழு மூன்று நிமிடத்துக்கு முன்பே கிளறுவதை நிறுத்தியிருந்தது. மூன்றாவது குழு தேங்கிய நீரில் எடுத்திருந்தது, மற்றவர்கள் கற்களுக்கு மேல் சலசலத்து ஓடும் இடத்தில். எல்லோரும் ஒரே இடத்தில், ஒரே நேரம், ஒரே மாதிரி மறுபடி எடுப்பது என்று அவர்களே முடிவு செய்தார்கள். அளவீட்டில் நெறிமுறை எதற்கு என்பதைப் பாடமாக நடத்தியிருந்தால் ஒரு பீரியட் போயிருக்கும், இந்த அளவுக்குப் பதிந்திருக்குமா என்பது சந்தேகம்.

வடிகாலுக்குக் கீழே தட்டு முழுக்கச் சிவப்புப் புழுக்கள். "ரத்தம் குடிச்சிருக்கா டீச்சர்?" என்றான் ஒருவன். "குடிக்கல, அதோட உடம்புலயே இருக்கு. ஆக்சிஜன் கம்மியா இருக்கிற இடத்துல ஒருத்தருக்கு ரத்தம் சிவப்பா இருந்தா என்ன வசதி?" என்று திருப்பிக் கேட்டார். அந்தப் புழுவுக்கும் ஹீமோகுளோபின் உண்டு, கிடைக்கிற கொஞ்சம் ஆக்சிஜனையும் அதனால் பிடித்து வைத்துக்கொள்ள முடிகிறது. இங்கே வெயிலும் சேர்ந்துகொள்கிறது. 20 டிகிரி நன்னீரில் லிட்டருக்கு அதிகபட்சம் 9 மில்லிகிராம் சொச்சம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். வெப்பமானியை மட்டும் வைத்துக்கொண்டு பிள்ளைகள் இந்தக் கணக்குவரை வந்தார்கள்.

வெள்ளிக்கிழமைக் கண்காட்சி

இதைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. பெற்றோர்களை அழைத்திருந்ததால் காலை முழுக்கச் சார்ட்டுக்கு வண்ணம் அடிப்பதில் போனது. ஓடை எண்களை வைத்து வரைபடம் போட வேண்டிய நேரம் அது. சில சார்ட்டுகள் அழகாக இருந்தன. மூன்று சராசரி எப்படி வந்தது என்ற தகராறு எந்தச் சார்ட்டிலும் இல்லை, ஒரே எண்ணை எழுதி வட்டம் போட்டிருந்தார்கள்.

அன்றைக்கே ஒரு கருத்துப்படிவமும் கொடுத்தார்கள். எந்த நாளில் அதிகம் கற்றீர்கள் என்ற கேள்விக்கு, பெரும்பாலான பிள்ளைகள் பஸ்ஸில் போன நாட்களை எழுதினார்கள். ஜாடிச் சோதனை கீழே போய்விட்டது. இதை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. ஹார்வர்டில் இயற்பியல் படிக்கும் கல்லூரி மாணவர்களிடம் லூயி டெலோரியேயும் மற்றவர்களும் நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆய்வில், தாங்களே முட்டிமோதிக் கற்ற வகுப்பில் மாணவர்கள் உண்மையில் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். தடுமாறுவது கற்பதாகத் தோன்றுவதில்லை. கல்லூரி மாணவர்களுக்கே அப்படி என்றால் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஜாடியை எந்த இடத்தில் வைப்பான்?

மூன்று வாரம் கழித்து

முன்னறிவிப்பில்லாமல் ஒரு நாள் காலையில் டீச்சர் இரண்டு பிரிவுக்கும் வெள்ளைத்தாள் கொடுத்து, ஆற்றிலிருந்து குழாய்வரை தண்ணீர் வரும் வழியை வரையச் சொன்னார். மதிப்பெண் கிடையாது. 'ஆ' பிரிவினரின் தாள்களில் அம்புக்குறிகள் இருந்தன, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன நீங்குகிறது என்று எழுதியிருந்தார்கள். 'அ' பிரிவில் தொட்டிகள் பெரிதாகவும் விவரமாகவும் இருந்தன, வரிசை பல தாள்களில் குழம்பியிருந்தது. வடிகட்டிக்குப் பிறகு படிகாரம் போடுவதாகச் சிலர் வரைந்திருந்தார்கள். ஆனால் படிகாரம் போட்ட தொட்டிக்குள் திரள் இறங்குவதை மட்டும் இரண்டு பிரிவும் ஒரே மாதிரி சரியாகவே வரைந்திருந்தது. கையால் செய்தது அது ஒன்றுதான். வரையச் சொல்லாமலேயே ஓரத்தில் பூச்சி வரைந்தவர்கள் இரண்டு பிரிவிலும் உண்டு.

இரண்டு வகுப்பை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது. முறையாக நடந்த ஒரு பெரிய ஆய்வு பக்கத்தில் வைத்துப் பார்க்க உதவும். அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் 2011-ல் திறந்த கிரிஸ்டல் பிரிட்ஜஸ் ஓவிய அருங்காட்சியகத்துக்குப் போகப் பள்ளிகள் முண்டியடித்தன. இடம் போதாததால் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். ஜே கிரீன், பிரையன் கிசிடா, டேனியல் போவன் மூவரும் அந்தக் குலுக்கலையே ஆய்வாக மாற்றி, போனவர்கள், போகாதவர்கள் என்று ஏறக்குறைய 11,000 மாணவர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். ஓவியங்களைக் கூர்ந்து பார்த்து யோசிக்கும் திறனில் சராசரியாகக் கிடைத்த ஏற்றம் சிறியது, ஆனால் கிராமப்புறப் பள்ளி மாணவர்களிடம் அது பல மடங்கு அதிகம். எனக்குப் பிடித்தது இன்னொரு எண். அடிமை உழைப்பில் விளைந்த சர்க்கரைக்கு மாற்றாக மேப்பிள் பாகு காய்ச்சும் அடிமை ஒழிப்பாளர்களைக் காட்டும் ஓர் ஓவியத்தைப் பார்த்தவர்களில் 88 சதவீதம் பேருக்கு, வாரங்கள் கழித்தும் அந்தச் செய்தி நினைவில் இருந்தது. தேர்வு உண்டு என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. அங்கே ஒரு மணி நேரத்தில் பார்த்தது சுமார் ஐந்து ஓவியங்கள்தான், அவற்றைப் பற்றிப் பேசியது அதிகமும் மாணவர்கள்.

அடுத்த முறைக்கு

ஆய்வுக் கூட்டத்தில் சில முடிவுகள் சட்டென்று எடுக்கப்பட்டன. எந்தப் பிரிவும் திங்கட்கிழமை வெளியே போகாது. ஒரு பஸ்தான் என்றால் நிலையத்துக்குப் புதன் ஒரு பிரிவு, வியாழன் இன்னொன்று. ஓடையை அந்த வாரத்திலிருந்து எடுத்துவிட்டு மழைக்கு முன்பு ஒரு தடவை, மழை ஓய்ந்து தண்ணீர் வடிந்த பிறகு ஒரு தடவை போவது. அளந்த எண்களுக்கு ஒப்பிட இன்னொரு எண் கிடைத்தால்தான் அவை பேச ஆரம்பிக்கும் என்று கணக்கு சார் வாதாடினார். கோடிட்ட இடம் நிரப்பும் தாளை நிலையத்தில் கொடுப்பதில்லை, ஒவ்வொரு குழுவும் முந்தைய நாளே தன் மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு வர வேண்டும். குழாய்க்கு மட்டும் வழி தெரியவில்லை. இரண்டு பிரிவுக்கும் சேர்த்து ஒழுகுகிற குழாயை எங்கே தேடுவது? பிள்ளைகள் வீட்டிலிருந்தே கண்டுபிடித்து வரட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

கண்காட்சியில்தான் முட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமையை எண்களோடு உட்காரவும் சண்டை போடவும் விட வேண்டும் என்றார் அறிவியல் டீச்சர். பெற்றோர் வந்து பார்க்க ஒன்றும் இல்லையென்றால் அடுத்த ஆண்டு அனுமதிப் படிவத்தில் கையெழுத்து வாங்குவது கஷ்டம் என்றார் தலைமையாசிரியர். சார்ட்டுக்குப் பதிலாகப் பெற்றோர் கையிலேயே ஜாடியையும் ஸ்பூனையும் கொடுத்து, பிள்ளைகள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கட்டும் என்று மொழி ஆசிரியர் ஒரு யோசனை வைத்தார். கால் மணி நேரம் மெதுவாகக் கலக்கப் பெற்றோருக்குப் பொறுமை இருக்குமா என்று யாரோ கேட்டார்கள். அது இன்னும் முடிவாகவில்லை.